விசில் வாத்தியார் பதில்கள்: நகம் வெட்டியாச்சா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோல்வியைப் பற்றியே இருக்கின்றன. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் முடிந்த சூட்டோடு எழுதியிருக்கிறீர்கள் போல. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன். என்னைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: முப்பத்துநான்கு வருஷம் உடற்கல்வி ஆசிரியர். அம்பாசமுத்திரம், களக்காடு, திசையன்விளை பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதியாச்சு. இப்போது பாளையங்கோட்டையில் தினமும் காலை ஆறு மணிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கபடியும் வாலிபாலும் சொல்லிக் கொடுக்கிறேன். கோப்பை கேட்டு யாரும் வராத வேலை. நிம்மதியாக இருக்கிறது.

அண்ணாச்சி, என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். காலிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். கடைசி ரைடு போனது இவன்தான், பிடிபட்டுவிட்டான். அவன் அப்பா பைக்கில் கூட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கபடியே வேண்டாம் என்கிறான். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், வள்ளியூர்

தங்கச்சி, இதை உங்கள் வீட்டுக்காரரிடம் வாசிக்கக் கொடுங்கள். வாத்தியார் திட்டப்போகிறார் என்று அவர் பயப்பட வேண்டாம். நானும் அந்தப் பைக்கை ஓட்டியவன்தான்.

என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது நானூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசி ஐம்பது மீட்டரில் கால் பின்னி விழுந்தான். நான் திட்டவில்லை. பெரிய மனுஷன் மாதிரி அமைதியாக வண்டியை எடுத்து, அமைதியாகவே வீடு வந்து சேர்ந்தேன். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான்: "நீங்க திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. வழியெல்லாம் உங்க முதுகு திட்டிக்கிட்டே வந்துது." பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "பசிக்கா?" என்று கேட்டால் போதும். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி இரண்டு வடை வாங்கிக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்து அவனே வாயைத் திறப்பான். அப்போதும் "ஏம்ல பிடிபட்ட?" என்று கேட்காமல் "அந்த ரைடுல என்ன பார்த்த?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கிற கார்னர்க்காரன் கணுக்காலைப் பிடித்தானா, கைகோத்துச் செயின் போட்டு மடக்கினார்களா, இவன் கோட்டைப் பார்த்துக் கையை நீட்டினானா? இப்படிக் கேட்டால் பிள்ளை சொல்ல ஆரம்பிப்பான். சொல்ல ஆரம்பித்தால் சாப்பிடவும் ஆரம்பித்துவிடுவான்.

இன்னொரு கணக்கு. அவன் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாதிக்குப் பதினைந்து நிமிஷம், மொத்தம் முப்பது நிமிஷ ஆட்டம். ஒரு ரைடுக்கு முப்பது வினாடி. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐம்பது ரைடுக்குக் குறையாது. அந்த ஐம்பதில் கடைசி ஒன்று மட்டும் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. பத்தாவது நிமிஷம் சும்மா கோட்டைத் தாண்டிப் போய்ப் புள்ளி கொடுத்த பையனின் அப்பா அன்றைக்குச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு புள்ளி பின்தங்கி நிற்கும்போது கடைசி ரைடுக்கு "நான் போறேன்" என்று போகிற பிள்ளையை நான் என் அணியிலிருந்து விடவே மாட்டேன்.

சார், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு ஒழுக்கம், ஒத்துழைப்பு எல்லாம் சொல்லிக் கொடுக்க ஆசை. ஆனால் ஸ்டாஃப் மீட்டிங்கில் என்னிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: இந்த வருஷம் எத்தனை கப்?
— ஓர் ஆசிரியர், ராதாபுரம் பக்கம்

உங்களிடம் அதையாவது கேட்கிறார்கள். என்னிடம் முதல் பத்து வருஷம் "கணக்கு வாத்தியார் லீவு, உங்க பீரியடக் குடுத்துருங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்டதில்லை.

ஜான் வுடன் என்று ஒரு அமெரிக்கர். கூடைப்பந்துப் பயிற்சியாளர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1948-ல் சேர்ந்தார். 1964-க்கும் 1975-க்கும் இடையில் பத்துத் தேசியப் பட்டங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். 1948-லிருந்து 1964 வரை அவருக்கு ஒரு தேசியப் பட்டமும் கிடையாது என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். பதினாறு வருஷம் ஒரு மனிதரை நம்பி அப்படியே வைத்திருந்த நிர்வாகத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்.

அவருடைய முதல் நாள் பயிற்சி என்ன தெரியுமா? சாக்ஸ் போடுவது. அமெரிக்கா முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த ஆறரை அடி, ஏழடிப் பையன்களை உட்காரவைத்து, சாக்ஸில் சுருக்கம் விழாமல் குதிகால் வரை எப்படி இழுத்துவிடுவது, ஷூ லேஸை எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டுவாராம். சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஓட முடியாது. ஜெயிப்பதைப் பற்றி நான் வீரர்களிடம் பேசியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பத்துப் பட்டம் வாங்கியவர் இதைச் சொன்னால் உலகம் கேட்கும். நீங்களும் நானும் ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விடுவார். அது கிடக்கட்டும்.

நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்கால். சாக்ஸுக்கு எங்கே போக? ஆனால் அவரைப் பற்றி வாசித்ததும் எனக்கு என் நெயில் கட்டர்தான் ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் விசில் ஒன்று, நெயில் கட்டர் ஒன்று, முப்பத்துநான்கு வருஷமும் இரண்டும் இருந்தன. கபடியில் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது விதி, நடுவர் பார்ப்பார். நான் அதைத் தினசரிப் பயிற்சியில் வைத்தேன். வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். நான் பார்க்க மாட்டேன், பக்கத்தில் நிற்கிற பையன் பார்ப்பான். நீண்டிருந்தால் அவனே வெட்டிவிட வேண்டும். ஏழாவதுப் பையன் பிளஸ் டூ அண்ணனின் நகத்தை வெட்டுவான். அண்ணன் கையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். முதல் வாரம் ஒரே சிரிப்பு. நாலாவது வாரம் நான் கேட்கும் முன்பே "நகம் வெட்டியாச்சா?" என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என் நகம் அவன் முகத்தைக் கீறும் என்கிற நினைப்பு ஒரு பையனுக்கு வந்துவிட்டால், ஒழுக்கம் என்று தனியாகப் பீரியட் போட வேண்டாம்.

கப் எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதோடு, போன வருஷம் எத்தனை பிள்ளைகள் மாலையில் மைதானத்துக்கு வந்தார்கள், இந்த வருஷம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அதையும் வாசியுங்கள். அந்த நோட்டை என் தலைமையாசிரியர் ஒருவர் ஒருநாள் வாங்கிப் பார்த்தார். மறுநாளிலிருந்து கணக்குக்குப் பீரியட் போவது நின்றது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்போ ஜெயிக்கவே வேண்டாம் என்கிறீர்களா?
— நாங்குநேரி

யார் சொன்னது? மாவட்ட ஃபைனல் ஜெயித்த அன்று நான் குதித்த குதியில் மூக்குக்கண்ணாடி விழுந்து, என் காலாலேயே மிதித்து உடைத்தேன். அன்றைக்கு ராத்திரி கண் தெரியாமல் பஸ் நம்பர் கேட்டுக் கேட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சார், நான் பிளஸ் ஒன். வாலிபால் ஆடுகிறேன். மூன்றாவது செட்டில் நாங்கள் 13, அவர்கள் 14. அவர்கள் அடித்த பந்து பிளாக்கில் என் விரல் நுனியில் பட்டுத்தான் வெளியே போனது. நடுவருக்குத் தெரியவில்லை. "அவுட்" என்று எங்களுக்குப் புள்ளி கொடுத்துவிட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். 16–14 என்று ஜெயித்தோம். கோச் முதுகில் தட்டி "சமத்துலே" என்றார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டுமா?
— கல்லிடைக்குறிச்சி

வேண்டும், மக்கா. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே 15–13 என்று தோற்றிருப்பீர்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பழைய கதை. 1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே மைதானம். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட், எதிரணி இங்கிலாந்து. நமக்கு கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கபில்தேவ் போட்ட பந்தில் பாப் டெய்லர் கீப்பரிடம் கேட்ச் என்று நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியது. நடுவரிடம் போய்ப் பேசி, டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் எதிர்முனையில் நின்ற இயான் போத்தமும் சேர்ந்து மொத்தம் 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் அதற்குப் பிறகு டெஸ்டில் கேப்டனாக இருந்ததே இல்லை.

பார், கதையில் பரிசு ஒன்றும் கிடையாது. நல்லது செய்தார், அதனால் ஜெயித்தார் என்று உன்னிடம் கதை அளந்தால் நீ ஒருநாள் கண்டுபிடித்துவிடுவாய். அவர் தோற்றார். நாற்பத்தைந்து வருஷம் கழித்து நீயும் நானும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

உன் ஆட்டத்திலேயே இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. 2023-ல் நேஷன்ஸ் லீக் வாலிபாலில், நடுவர் பார்க்காததைத் தானாக ஒத்துக்கொள்கிற வீரருக்குப் பச்சை அட்டை காட்ட ஆரம்பித்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பார்த்த கண்ணுக்குப் பச்சை புதிதுதான். நம் ஊர் நடுவர் பையில் அது இருக்காது. கையை உயர்த்தி "டச்" என்று காட்டினால் போதும், இல்லை கேப்டனிடம் சொல்லு. வாலிபாலில் நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான்.

அன்றைக்கு அடித்த பையனை அடுத்த மீட்டில் பார்த்தால் போய்ச் சொல்லிவிடு. சண்டைக்கு வர மாட்டான். பந்து உன் விரலில் பட்டுத் திசை மாறியதை அடித்தவன் அப்போதே பார்த்திருப்பான். உன் கோச்சிடம் நான் சொல்லத் தேவையில்லை. அவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்தானே.

ஒலிம்பிக்கில் கென்யா வீரர் கோட்டுக்கு முன்னால் தெரியாமல் நின்றுவிட, பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் அவரைத் தள்ளிவிட்டு ஜெயிக்க வைத்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
— ஆலங்குளம்

பாதி உண்மை. நடந்தது ஒலிம்பிக்கில் இல்லை. 2012 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு நவார்ராவில், புர்லாதா என்ற ஊரில் நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முன்னால் ஓடியவர் ஏபல் முட்டாய், அந்த வருஷம்தான் லண்டன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெண்கலம் வாங்கியவர். கோடு தாண்டியாச்சு என்று நினைத்துச் சில மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா முந்திப் போகாமல், கையைக் காட்டி அவரை முன்னால் போகவிட்டார். தானாக ஜெயிக்க முடியாத ஓட்டத்தில் ஜெயிக்க மனசில்லை என்றார்.

வாட்ஸ்அப்பில் வராத மீதி ஒன்று இருக்கிறது. ஃபெர்னாண்டஸின் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ், 1995-ல் மாரத்தானில் உலக சாம்பியன். அவரைக் கேட்டபோது, பையன் செய்தது நல்ல காரியம், ஆனால் நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன், முந்தியிருப்பேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். வாத்தியார் சொல்லிக் கொடுத்துப் பையன் செய்ததில்லை. வாத்தியாரையும் மீறிச் செய்தான். நாமெல்லாம் பிள்ளைகளை வார்த்தெடுக்கிறோம் என்று மேடையில் பேசும்போது ஃபிஸ்ஸை நினைத்துக்கொள்வது நல்லது.

விசில் இல்லாமல் ஓர் ஆட்டம் நடத்த முடியுமா வாத்தியாரே?
— பேட்டை

கிண்டலுக்குக் கேட்டிருக்கிறீர்கள். நான் நடத்தியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1895-ல் தொடங்கியது. காது கேளாத பையன்கள் அணி ஒன்றுக்கும் எங்கள் பள்ளி அணிக்கும் ஒரு சிநேக ஆட்டம், கால்பந்து. நான் நடுவர். பழக்க தோஷத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். முதல் ஃபவுலுக்கு ஊதினேன். எங்கள் பையன்கள் நின்றார்கள், அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற அவர்களின் வாத்தியார் சிரித்தபடி ஒரு சிவப்புத் துணியை என்னிடம் நீட்டினார்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. துணி மேலே போன நொடியில் அவர்கள் பதினொரு பேரும் நின்றுவிடுவார்கள். ஆடிக்கொண்டே இரண்டு வினாடிக்கு ஒரு தடவை என் கையைப் பார்த்துக்கொள்வார்கள், கூட ஆடுகிறவன் முகத்தையும் பார்ப்பார்கள். எங்கள் பையன்களோ பந்தை மட்டுமே பார்ப்பார்கள். துணி காட்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஆட்டம் 3–1. யாருக்கு 3 என்று சொல்லத் தேவையில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் கோல்கீப்பர் கேட்டான்: "சார், அவனுவ ஒருத்தன ஒருத்தன் பார்த்துக்கிட்டே ஆடுறானுவ. நாம ஏன் சார் பார்க்க மாட்டேங்கோம்?" மறுவாரம் பயிற்சியில் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆடவிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தேறினார்கள்.

அண்ணாச்சி, ஊரில் கபடிக் குழு வைத்திருக்கிறேன். 17 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் மீசை முளைத்து மழித்தவனெல்லாம் ஆடுகிறான். எல்லோரும் சர்டிபிகேட்டைத் திருத்தித்தான் ஆள் இறக்குகிறார்கள். நாம் மட்டும் யோக்கியமாக இருந்தால் நம் பிள்ளைகள் அடிபட்டுத் தோற்பதுதான் மிச்சம். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
— சங்கரன்கோவில்

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. என்னைப் பற்றிச் சொல்லாமல் பதில் எழுத முடியாது என்பதால்.

1993. அப்போது நான் இருந்த பள்ளியின் பெயர் வேண்டாம். குற்றம் என்னுடையது, பள்ளிக்கூடம் என்ன செய்யும். 17 வயதுக்கு உட்பட்டோர் கபடி. எங்களிடம் நல்ல ரைடர் இல்லை. எங்கள் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன், விளையாட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. அவன் அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பத்தாவதில் நின்றுவிட்டு வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் பாடிப் போனால் எதிர்ப்பக்கம் ஏழு பேரும் பின்வாங்குவான்கள். அண்ணனைத் தம்பி பெயரில் இறக்கினேன். அதற்காக எங்கள் ரைட் கார்னர் பையன் ஒருத்தனை வெளியே உட்காரவைத்தேன். பதினைந்து வயது. கணுக்காலைப் பிடித்தானென்றால் விடமாட்டான். அவனிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தேன்.

ஒரு வாரம் பயிற்சியில் நான் சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? அவனைத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எப்படி என்று. மாற்றிக் கூப்பிட்டால் பத்துத் தோப்புக்கரணம். அப்படியும் அரையிறுதியில் ஒரு பொடியன் உணர்ச்சிவசப்பட்டு உண்மைப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டான். ரைடு நடுவில் அவன் ஒரு கணம் திரும்பினான். நடுவரும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இருமினேன். வேறு என்ன செய்ய முடியும்? இருமினேன்.

கோப்பை வாங்கினோம். ஊருக்குள் மேளம் வைத்துக் கூட்டிப்போனார்கள்.

பத்துப் பதினோரு வருஷம் இருக்கும், வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தில் ஒருத்தன் வந்து கையைப் பிடித்தான். அந்த அண்ணன். தோள் இரண்டும் தார் சுமந்து காய்த்துப் போயிருந்தன. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தான், நான் காசு கொடுக்கப் போனால் விடவில்லை. போலீஸ் தேர்வுக்கு இரண்டு தடவை போனானாம். ஓட்டத்தில் முதல் ஆள். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் அங்கே தனி மதிப்பெண் உண்டு. "சர்டிபிகேட் இருக்கு சார். ஆனா அதுல தம்பி பேருல்லா இருக்கு" என்றான். தம்பியாவது அதைப் பயன்படுத்தினானா என்று கேட்டேன். "அவன் தொட மாட்டேன்னுட்டான் சார். எங்கம்மா அதக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எம்பேருதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

கோபமே இல்லாமல் சொன்னான். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "சார், நான் விளையாடினேன்னு எங்கயாவது எழுத்துல இருக்குமா?"

நான் பஸ் வந்துவிட்டது என்று எழுந்தேன். வந்தது என் பஸ் இல்லை.

அந்த ரைட் கார்னர் பையனை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. அவனுக்கு நான் ஒரு வார்த்தை கடன்.

எனவே, சங்கரன்கோவில்காரரே, பிள்ளைகள் தோற்பார்கள் என்கிறீர்களே, ஆமாம், சில ஆட்டம் தோற்பார்கள். மீசைக்காரனோடு மோதவிட்டு எலும்பை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால் தோற்ற வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுவார்கள். இப்போது ஆதார் இருக்கிறது, பெரிய போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். என் காலத்து இருமல் இப்போது செல்லாது. சங்கடம் என்றால், நம் குழுவில் வயது கூடியவனை நாமே நிறுத்தும்போது அவன் வந்து நம் முகத்தைப் பார்த்து நிற்பான். அவனை வயது வரம்பு இல்லாத 'ஓப்பன்' ஆட்டத்துக்கு அவன் சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள். முதல் சுற்றில் தோற்றாலும் பரவாயில்லை.

கோவில்பட்டியைப் போல ஒரு விளையாட்டை ஊரே பிடித்துக்கொண்டால்தானே நாமும் முன்னேறலாம்?
— கழுகுமலை

ஊர் பிடித்துக்கொள்ளும், சரி. கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஹாக்கி ஆடினார், எல்லோருக்கும் தெரியும். அவரோடு அதே மண்ணில் மட்டை பிடித்துவிட்டு இன்றைக்குக் கடை வைத்திருக்கிறவன், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவன் எல்லாம் சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நின்று பொடியன்களுக்குச் சத்தம் கொடுப்பான் பாருங்கள். ஊர் பிடித்துக்கொண்டது என்றால் எனக்கு அவர்கள்தான் கண்ணில் தெரிகிறார்கள்.

சார், நான் பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். மூன்று வருஷம் பள்ளிக் கபடி அணியில் இருந்தும் மொத்தம் நான்கு ஆட்டத்தில்தான் இறங்கியிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன். "உக்காந்துட்டு வர்றதுக்கு எதுக்குட்டி பனியன்?" என்று ஆச்சி கேட்கிறாள். மூன்று வருஷம் வீணா?
— ஒரு மாணவி, முக்கூடல்

ஆச்சியிடம் நான் வாய் கொடுக்க மாட்டேன். முக்கூடல் ஆச்சிமார்களை எனக்குத் தெரியும்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷம் ஸ்கோர் எழுதினாயே, எந்த ரைடர் இடது பக்கம் மட்டும் போவாள், எவள் மூன்றாவது ரைடில் தடுமாறுவாள், ஏழு பேரும் அவுட்டாகி லோனா விழுந்த பிறகு எந்த அணி உடைந்துபோகும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும்தானே? உள்ளே ஆடிய ஏழு பேரிடம் கேட்டுப் பார், பாதி தெரியாது. அவர்களுக்கு எதிரே நிற்கிறவள் மட்டும்தான் தெரியும்.

அந்த ஸ்கோர் ஷீட்டுகள் பள்ளியில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள். பதினெட்டு ஆனதும் கபடிக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரி. பெண் நடுவர்கள் நமக்குப் போதவே போதாது. அதுவரை, என் காலைப் பயிற்சியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குள் ஆட்டம் வைக்கிறேன், ஸ்கோர் எழுத ஆள் இல்லை. பஸ் காசு நான் கொடுத்துவிடுகிறேன். வரும்போது பேனா இரண்டாகக் கொண்டு வா. ஒன்று எப்படியும் பாதி ஆட்டத்தில் எழுதாமல் போய்விடும்.